வெண்டல் பார்க்கும் முகங்கள்

எங்கள் பனி ஊர் நார்டாலில் என் கணவன் வெண்டலைப் பிடிக்காத ஆள் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஊருக்கே பிடித்த ஒருவனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் லாரியில் எரிவாயு கொண்டுபோய் நிரப்புவது அவன் வேலை. தபால்காரரையே விரட்டுகிற நாய்கள்கூட அவன் லாரியைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருமாம். தனியாக இருக்கும் பெண்கள் அவன் வருகிற நாளில் காபி போட்டு, ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு வைத்திருப்பார்களாம். அங்கே உட்கார்ந்து அவன் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் பேசுவது “உருளைக்கிழங்கு தீந்துபோச்சா?”, “வெளிய வழுக்குது, பாத்துப் போ.” இவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சொல்லவில்லை, பனிக்காலம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பனிக்காலச் சனிக்கிழமைகளில் பனித்தரையில் கல் தள்ளி விளையாடப் போவான். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தபிறகு குனிய முடியவில்லை. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கே பாவமாக இருந்தது. “போய் எதையாவது ஆடிட்டு வா, இப்படி மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காராத” என்று விரட்டிவிட்டவள் நான்தான். போக்கர் என்கிற சீட்டாட்டம் ஆடப் போனான்.

இங்கே சீட்டாட்டம் என்றால் சூதாட்டம் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஓர் ஊர்க் கூடத்தில் தர்மப் போட்டி நடக்கும். ஒரு வாரம் பள்ளிக்கூட பாண்டு வாத்தியத்துக்கு, ஒரு வாரம் தேவாலயக் கூரைக்கு, ஒரு வாரம் உடம்பு முடியாத யாருக்காவது. மதியச் சாப்பாடு முடிந்து ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் முடிந்துவிடும். நுழைவுக் கட்டணம் தர்மத்துக்குப் போகும். முதல் சுற்றில் தோற்றவன் மறுபடியும் பணம் கட்டி உட்கார்ந்தால் கூடம் முழுவதும் கைதட்டும். தோற்றதற்குக் கைதட்டு வாங்க வேண்டுமானால் எங்கள் பக்கம்தான் வர வேண்டும்.

முதல் வருஷமே வெண்டலுக்குப் பேர் வந்துவிட்டது. சீட்டு அவனுக்கு ஒன்றும் விசேஷமாக வருவதில்லை. அவன் ஆளைப் படிப்பான். எதிரில் இருப்பவன் கையில் நல்ல சீட்டு இருக்கிறதா, வெறும் கையை வைத்துக்கொண்டு மிரட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். ஒருவருக்கு மூக்கு நுனி சிவக்கும், ஒருவர் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளை அடுக்கி அடுக்கிக் கலைப்பார், ஒருவர் திடீரென்று வானிலை பற்றிப் பேசுவார். இதைச் சாடை என்பார்கள். சாடை விஷயத்தில் இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவருடைய சாடை உனக்குத் தெரிந்தால் அதை வைத்து நீ ஆடிக்கொள்ளலாம், இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. அண்ணன் தம்பிகூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சீட்டைத் தப்பாகப் போட்டால் மன்னிப்பார்கள், சாடையை விற்றவனோடு ஒரு மேஜையில் உட்கார மாட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் மளிகைக் கடைப் பெண் சொல்லித்தான் தெரியும். ஒரு திங்கட்கிழமை என் பாலையும் முட்டையையும் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள், “சனிக்கிழமை உங்க வீட்டுக்காரரும் ரோஷெலும் ஆடினத நீங்க பாத்திருக்கணும். அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு பாருங்க, கூடமே மூச்சு விடல.” நான் சிரித்தேன். கார் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் வயிறு எரிந்தது.

ரோஷெல் அழகியாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். என்னைவிட அகலம். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள், அதில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். அவள் கணவன் புற்றுநோயில் இறந்தவன். அவனுக்காகக்கூட ஒரு சனிக்கிழமை போட்டி நடத்தினார்கள், நான்தான் ஆப்பிள் பை சுட்டு அனுப்பினேன். நான் சுட்டதைத் தின்றுவிட்டு என் புருஷனின் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர்களுக்குள் தப்பாக ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்திருந்தால் நார்டாலில் அது எனக்கு முன்னால் நாய்களுக்குத் தெரிந்திருக்கும். என் வயிற்றெரிச்சல் வேறு. அவன் அவளைப் பார்க்கிறான். சனிக்கிழமை தவறாமல், மணிக்கணக்காக, கண்ணை எடுக்காமல் பார்க்கிறான். கண் இமை துடிப்பதையும் உதடு காய்வதையும் பார்க்கிறான். வீட்டில் நான் என் நீள முடியைக் காது வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நாலு நாள் அவன் எதிரில் நடமாடினேன். ஐந்தாம் நாள் “சூடு பத்தலியா, தலைல தொப்பி போட்டுக்கோ” என்றான். ஊரில் எல்லார் முகத்தையும் படிக்கிறவனுக்கு என் முகம் தெரியுமா, தெரியாதா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவன் லாரியில் போனபிறகு சமையலறை மேஜையில் காய்ந்த பீன்ஸை வில்லையாக வைத்துக்கொண்டு சீட்டுப் போட்டுப் பழகினேன். கைபேசியிலும் ஆடிப் பார்த்தேன். பிப்ரவரியில் எங்கள் ஊர் ஆம்புலன்சுக்கு இதயக் கருவி வாங்குவதற்காகத் தீயணைப்பு நிலையத்தில் போட்டி வைத்தார்கள். அன்றைக்கு மதியம் நானும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

“எங்க கெளம்பிட்ட?” என்றான்.

“ஆடத்தான். ஆம்புலன்சு உனக்கு மட்டுமா வருது?”

அவன் வெளியே போய் லாரியில் என் பக்கத்துக் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்தி, தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே மேஜைகளைப் போட்டிருந்தார்கள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பெரிய தட்டுகள் ஒரு சுவரோரம், காபி ஒரு சுவரோரம். போட்டியை நடத்துகிறவர் ஆர்விட். ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். கணவன் மனைவியை ஒரே மேஜையில் உட்கார வைக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுவார்களாம். விட்டுக்கொடுப்பது யார் வீட்டில் என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்விட் என்னை ஓரத்து மேஜை ஒன்றுக்கு அனுப்பினார். குலுக்கலில் வெண்டலும் ரோஷெலும் ஒரே மேஜைக்கு வந்தார்கள், எதிரும் புதிருமாக.

நான் சீட்டை வாங்கினேன், பெரும்பாலும் பந்தயம் கட்டாமல் கவிழ்த்துவிட்டேன், அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு இவனைப் பார்த்தாள். கடைசியில் அவன் சீட்டைக் கவிழ்த்தபோது அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள், அவனும் சிரித்தான். அவனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு வாயைத் திறந்து அவன் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் ஒரு பண்ணைக்காரனின் வில்லைகளை மொத்தமாக வென்றுவிட்டேன்.

கவிழ்த்தே காலத்தை ஓட்டினால் கடைசி மேஜை வரைக்கும் போய்விடலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆட்கள் தோற்று எழுந்து சாப்பிடப் போனார்கள். மேஜைகள் குறைந்தன. கடைசியில் ஒரே மேஜை மிஞ்சியபோது வெண்டல், ரோஷெல், நான், இன்னும் சிலர் இருந்தோம். கடைசி மேஜையில் மட்டும் கணவன் மனைவி ஒன்றாக உட்காரலாம். எனக்கு நேர் எதிரில் அவன்.

இப்போது பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பந்தயம் கட்டும்போதெல்லாம் மேஜையில் கிடக்கும் சீட்டைப் பார்த்தான், தன் வில்லைகளைப் பார்த்தான், தன் முறை வந்ததும் உடனே கவிழ்த்தான். ஒரு தடவை கையில் இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு எனக்குக் கவிழ்த்தான். பக்கத்தில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆர்விட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “வெண்டல், பொண்டாட்டிக்கு வீட்ல விட்டுக்குடு, இங்க ஆடு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரோஷெல் அவனை வெளியேற்றினாள். அவன் அவள் கையைக் குலுக்கிவிட்டு எழுந்துபோய் என் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டான். இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நானும் ரோஷெலும் மிஞ்சினோம். பரிசு பாதி மாடு, வெட்டிப் பொட்டலம் கட்டியது. எனக்கு அந்த மாடு வேண்டாம். அவள் சீட்டைக் கவிழ்த்து அவன் எதிரில் தோற்பதை நான் பார்க்க வேண்டும்.

என் கையில் இரண்டு ஆர்ட்டின். இருவருக்கும் பொதுவாக மேஜையில் திறந்து கிடந்தவற்றில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒரு ஆர்ட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனம், நான்தான் ராணி. வரவில்லை. கடைசிச் சீட்டு எதற்கும் உதவாத ஒன்று. என்னிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் மேஜையில் ராஜாவும் ஜாக்கியும் கிடந்தன, யாரையும் பயமுறுத்தக்கூடிய சீட்டுகள். நான் மொத்த வில்லைகளையும் முன்னால் தள்ளினேன்.

ரோஷெல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தேவாலயத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. என் முகத்தைவிட்டு மேஜையைப் பார்த்தாள். பிறகு ஒரு கணம் எனக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

“பாக்கறேன்” என்று சொல்லி, தன் வில்லைகளையும் தள்ளிவிட்டுச் சீட்டைத் திருப்பினாள். ஏழில் ஒரு ஜோடி.

ராஜாவும் ஜாக்கியும் கிடக்கும் மேஜையில் ஏழு ஜோடியை வைத்துக்கொண்டு யாரும் மொத்தத்தையும் பணயம் வைக்க மாட்டார்கள். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் என் வெறும் சீட்டைத் திருப்பினேன். தோற்றுவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

“எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றேன்.

“சும்மாதான். தோணுச்சு.”

“பொய் சொல்லாத. எப்படி?”

அவள் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டாள். “நீ மேஜையத் தொடச்ச, லோரெட்டா.”

நான் குனிந்து பார்த்தேன். பச்சைத் துணியில் என் கைக்கு முன்னால் மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ தின்ற இனிப்பின் தூள்கள் எல்லாம் ஓர் ஓரமாக, கோடு போட்டது போல ஒதுங்கியிருந்தன. உள்ளங்கையின் ஓரத்தால் நான்தான் ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு அது தெரியவே தெரியாது.

“மேஜையத் தொடச்சா?”

“நீ எதையாவது மறைக்கறப்போ தொடைப்பேன்னு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது வீண். எல்லார் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. நார்டாலில் அதைச் சொல்லியிருக்கக்கூடியவன் ஒருத்தன்தான். ஆர்விட் தொண்டையைச் செருமினார். வெண்டலின் முகத்தில் ஈயாடவில்லை. பொண்டாட்டியின் சாடையை விற்றவன் என்று அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

மாட்டுக்கறியில் பாதியை நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ரோஷெல் கதவு வரைக்கும் பின்னாலேயே வந்தாள். “ஜெயிக்கணும்னு ஆசை வந்துருச்சு, லோரெட்டா. அத வச்சு உன்கிட்ட ஆடியிருக்கக் கூடாது, எனக்கே தெரியும்” என்றாள். நீயே தின்னு என்றேன். மரியாதையாகச் சொன்னதாகத்தான் ஞாபகம்.

லாரியில் ஏறினோம். சூரியன் மேற்கே பனிவயலின் விளிம்பில் இருந்தது. வெண்டல் ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினான். பீட்ரூட் சர்க்கரை ஆலையைத் தாண்டும் வரைக்கும் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“நான் எப்படிப் பொய் சொல்வேன்னு அவகிட்டச் சொல்லிச் சிரிச்சியா?”

“சிரிக்கல.”

“பின்ன எதுக்குச் சொன்ன? எப்பச் சொன்ன?”

“போன வருஷத்துக்கு முந்தின நவம்பர்ல. நீ பிஸ்மார்க்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தியே.”

அந்த நவம்பரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும் வரைக்கும் நான் இரவில் தூங்கவில்லை, பகலில் சாப்பிடவில்லை. வெண்டலிடம் வழக்கமான பரிசோதனை என்று சொன்னேன். “சரி” என்றான். ‘சரி’ என்கிறானே என்று நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கடைசியில் கெட்டது ஏதும் இல்லை என்று வந்தது. அதையும் சொல்லவில்லை. சொல்லாததை எப்படி முடித்துவைப்பது?

“ஒண்ணுமில்ல, வழக்கமா பாக்கறதுதான்னு சொன்ன” என்றான். “சொல்லிக்கிட்டே மேஜையத் தொடச்ச. அன்னிக்கி மட்டும் இல்ல, அப்பறம் தெனம் தெனம் தொடச்ச. சுத்தமா இருந்த மேஜைய. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ரோஷெல் புருஷனுக்கும் சும்மா பரிசோதனைன்னுதானே ஆரம்பிச்சுது. அவளுக்குத் தெரியுமேன்னு அவகிட்டச் சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“வீட்டுக்குப் போயி பொண்டாட்டியக் கேளுன்னா. சனிக்கெழம சனிக்கெழம ‘கேட்டியா, கேட்டியா’ன்னு நச்சரிப்பா.”

அந்த நிமிஷம் எனக்கு வந்த பொறாமையைப்போல் முன்பு எப்போதும் வந்ததில்லை. அவன் அவளைப் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அவன் பயந்திருக்கிறான். என்னை இழந்துவிடுவோம் என்று அவன் பயந்ததை அவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. என் பயத்தை நான் ஒரு அறையில் வைத்துக்கொண்டு படுத்திருக்க, அவன் தன் பயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடச் சமையல்காரியிடம் கொடுத்திருக்கிறான். அது எனக்கு வரவேண்டியது. அந்த மாடு முழுவதையும் அவளே வைத்துக்கொள்ளட்டும், இதை அவளுக்கு நான் விட்டுத்தர மாட்டேன்.

“ஏன் கேக்கல?”

“நீ உண்மையச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான்.”

“இன்னிக்கி ராஜா ரெண்டு வச்சிக்கிட்டு எனக்கு ஏன் கவுத்த?”

“உன்னப் பாத்தா தெரிஞ்சுடும். தெரிஞ்சிட்டு உன்கிட்ட ஆட முடியாது.”

“வண்டிய நிறுத்து” என்றேன். நிறுத்தினான். அந்தப் பாதையில் முன்னும் பின்னும் யாரும் இல்லை. “இப்பக் கேளு.”

“அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே.”

“எனக்கு முடியல. அவ உன்னக் கேக்கச் சொன்னத எங்கிட்டக் கேளு.”

அவன் இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

“டாக்டர் என்ன சொன்னாரு, லோரெட்டா?”

“ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு. கெட்ட கட்டி இல்ல. நல்லா இருக்கேன்.”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, என் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தான். அவை அசையவில்லை என்று நிச்சயமாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.